கடல்காற்று வராத சாயங்காலம்

என் தங்கைக்கு நாலு வயதில்தான் காது கேட்கத் தொடங்கியது. பிறவியிலேயே கேட்கவில்லை என்பது புரியவே எங்களுக்கு ரொம்ப நாள் ஆயிற்று. பிறகு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, கடைசியில் அறுவை செய்து காதுக்குள் ஒரு கருவியை வைத்தார்கள். வெளியே இன்னொரு பாகம் உண்டு. காதுக்குப் பின்னால் கொக்கி போல மாட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் காந்தத்தால் தலையோடு ஒட்டிக்கொள்ளும் வட்டு. வீட்டில் இதை மிஷின் என்போம். மிஷினைக் கழற்றினால் பாப்பாவுக்கு எதுவும் கேட்காது. மாட்டினால் கேட்கும்.

அதை முதன்முதலில் ஆன் செய்தது அடையாறில் ஒரு கிளினிக்கில். அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அங்கே இருந்த ஆடியாலஜிஸ்ட் அம்மாள் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். பாப்பா முகம் சுளித்து, அழப்போவது போல இருந்து, பிறகு அண்ணாந்து ஃபேனைப் பார்த்தாள். ஃபேனுக்குச் சத்தம் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்கும் உறைத்தது.

அந்த அம்மாள் பொறுமைசாலி. எதை எப்படிக் கழுவ வேண்டும், எப்படிக் காய வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் விடாதீர்கள் என்றார். அம்மா ஏன் என்று கேட்டாள்.

"பிளாஸ்டிக்ல உரசிக்கிட்டு இறங்கும்போது குழந்தை உடம்புல மின்சாரம் சேரும்மா. நிலைமின்சாரம்னு பேரு. வயர்ல ஓடற கரண்ட் மாதிரி இல்ல, அப்படியே உடம்பு மேல நிக்கும். யாராவது தொட்டா சட்டுனு பொறி மாதிரி தாவும். அந்தப் பொறி மிஷின்ல பட்டா, உள்ள நாம பதிஞ்சு வெச்சிருக்கற மேப், அதாவது எந்தச் சத்தம் இவளுக்கு எவ்வளவு கேக்கணும்ங்கற கணக்கு, அழிஞ்சிடலாம். உயிருக்கு ஒண்ணுமில்ல. மறுபடி இங்க வந்து பதியணும், அவ்வளவுதான்."

அவர் இன்னும் சில விஷயங்களும் சொன்னார். அம்மாவின் மனசில் தங்கியது 'அழிஞ்சிடலாம்' என்ற ஒரு வார்த்தை.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அம்மா தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் சிந்தெடிக் புடவைப் பிரிவில் நின்றாள். ஏசி காற்றில், பாலியெஸ்டர் புடவைகளை நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்துப் போடும் வேலை. புடவையை உதறும்போது சட்சட் என்று சத்தம் வரும், கையில் இருக்கும் மயிர் எழுந்து நிற்கும், பிளாஸ்டிக் உறை விரலைவிட்டுப் போகமாட்டேன் என்று ஒட்டிக்கொள்ளும். கூட வேலை செய்யும் பெண்ணிடம் பில்லை நீட்டினால் இரண்டு பேருக்கும் சுருக்கென்று அடிக்கும். அவர்கள் அதை வைத்துச் சிரித்து விளையாடியிருக்கிறார்கள். இப்போது அதுதான் தன் பிள்ளையின் சத்தத்தை அழிக்கும் என்று தெரிந்ததும் அம்மாவுக்குக் கடை முழுவதும் ஆபத்தாகத் தெரிய ஆரம்பித்தது. கடையின் யூனிஃபார்ம் புடவையும் பாலியெஸ்டர்தான்.

வேலை முடிந்து வந்தால் அம்மா முதலில் வாசல் இரும்புக் கேட்டை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு குழாயடியில் கை கால் கழுவுவாள். பிறகு உள்ளே போய்ப் பருத்திப் புடவைக்கு மாறுவாள். அதற்கப்புறம்தான் பாப்பாவைத் தூக்குவாள். பாப்பா அதுவரை அறைக்கதவில் சாய்ந்துகொண்டு காத்திருப்பாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவளுக்குப் பழகிவிட்டது.

அப்பா ஆட்டோ ஓட்டினார். அவருக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை.

"இன்னாத்துக்கு இப்டி பயந்துகினு கீற? மெட்ராசுல ஏது அந்தக் கரண்ட்டு? எப்பப் பாத்தாலும் வேர்த்துக் கொட்டிகினு கீது. வேர்வையிலயே எல்லாம் பூடும்."

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் அதில் உண்மை இருந்தது. காற்றில் ஈரம் இருந்தால் உடம்பில் சேரும் மின்சாரம் நிற்காமல் கசிந்துவிடும். கடலோரத்து ஊர் எங்களுடையது. வருஷத்தில் பெரும்பாலான நாள் அந்த ஈரமே பாப்பாவுக்குக் காவலாக இருந்தது. ஆனால் அம்மாவுக்குப் பிள்ளை விஷயத்தில் பெரும்பாலான நாள் என்பது போதவில்லை.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாநகராட்சிப் பூங்கா. அங்கே முதலில் இருந்தது சிமெண்ட் சறுக்குமரம், யானை உருவத்தில். அம்மா அதில் பாப்பாவைத் தயங்காமல் விட்டாள். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு யானையை இடித்துவிட்டு மஞ்சள் பிளாஸ்டிக்கில் புதிதாக ஒன்று வைத்தார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் கொண்டாட்டம். பாப்பா கீழே நின்று, மற்றவர்கள் இறங்கி வருவதைப் பார்க்க மட்டும் செய்தாள்.

அது நடந்தது அக்கினி நட்சத்திரத்தில். அந்த மாதத்தில் சில நாள் மேற்கிலிருந்து அனல்காற்று அடிக்கும், சாயங்காலமாகியும் கடல்காற்று உள்ளே வராது. வேர்வைகூட நிற்காமல் காய்ந்து, உதடு வெடிக்கும். அப்படி ஒரு நாள். அம்மாவுக்கு வார லீவு. எங்கள் இரண்டு பேரையும் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். அத்தை வாங்கிக் கொடுத்திருந்த பளபளவென்ற சாட்டின் கவுனைத்தான் போடுவேன் என்று பாப்பா அடம்பிடித்திருந்தாள். வெயிலில் பெஞ்சு கொதித்ததால் அம்மா புங்க மரத்தடியில் நின்றாள். நான் ஊஞ்சலுக்கு வரிசையில் நின்றேன்.

நான் திரும்பியபோது பாப்பா சறுக்குமரத்தின் உச்சியில் இருந்தாள். ஏற்கெனவே இறங்கி, திரும்பவும் ஏறியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். இறங்கி வந்தாள். அவள் தலைமுடி எல்லாம் தனித்தனியாக எழுந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, தலையைச் சுற்றி விரிந்து நின்றது. சுற்றி இருந்த பிள்ளைகள் "முடியப் பாரு, முடியப் பாரு" என்று சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. சிரித்தபடியே அம்மாவைப் பார்த்து, தூக்கு என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

அம்மாவும் ஓடித்தான் வந்தாள். கை தொடும் தூரத்துக்கு வந்ததும் சட்டென்று நின்றாள். பின்னால் ஓர் அடி வைத்தாள். இரண்டு கையும் மார்புக்கு நேராகத் தூக்கிய நிலையில் அப்படியே இருந்தன, பிடிக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"தொடாத. என்னத் தொடாத பாப்பா. அந்தக் கம்பியப் பிடி. கம்பியப் பிடிடி."

பக்கத்தில் பூங்காவின் இரும்பு வேலி இருந்தது. அதைத் தொட்டால் உடம்பில் இருப்பது மெல்ல மண்ணுக்கு இறங்கிவிடும் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பாப்பா வேலியைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்தாள். அம்மா இன்னும் சத்தமாகச் சொன்னாள். பாப்பா ஒரு அடி முன்னால் வைக்க, அம்மா இன்னொரு அடி பின்னால் போனாள். அப்போது பாப்பாவின் சிரிப்பு போயிற்று. கை மட்டும் நீட்டியபடி இருந்தது.

நான் எதையும் யோசிக்கவில்லை. தங்கை அழப்போகிறாள் என்று போய் அவள் கையைப் பிடித்தேன். விரல் நுனியில் சுளீரென்று அடித்தது. அவளுக்கும் அடித்திருக்கும், கையை இழுத்துக்கொண்டு வீறிட்டு அழுதாள். அம்மா, "ஐயோ" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். கையைத் தட்டினோம். தட்டைக் கீழே போட்டோம். அவள் திரும்பவில்லை. மிஷின் மாட்டியிருந்தும் கேட்கவில்லை. அம்மா பேட்டரியை மாற்றினாள். அப்போதும் இல்லை.

அழிந்துவிட்டது என்று முடிவு செய்தோம். நான் தொட்டதால்தான் அழிந்தது என்று என் மனசில் ஓடியது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சமைக்கவில்லை. அப்பாதான் இட்லி வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் அப்பாவின் ஆட்டோவிலேயே அடையாறுக்குப் போனோம். ஆடியாலஜிஸ்ட் அம்மாள் மிஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, பேட்டரிக் கதவைத் திறந்தார். தன் மேஜையிலிருந்து வேறொரு பேட்டரியைப் போட்டு மாட்டினார். பாப்பா உடனே கதவுப் பக்கம் திரும்பினாள். வெளியே யாரோ இருமியிருந்தார்கள்.

"மேப் அப்படியே இருக்கும்மா. பேட்டரிதான் தீர்ந்துபோச்சு. நீங்க மாத்தினதும் அதே அட்டையில இருந்த பழசு. அதுவும் செத்துப்போச்சு."

"நேத்து ஷாக் அடிச்சுதே மேடம்."

"அடிச்சிருக்கும். மிஷினுக்கு ஒண்ணும் ஆகலை. உண்மையச் சொல்லணும்னா, நம்ம ஊர்ல அதனால மேப் போய் என்கிட்ட வந்தவங்க யாருமில்ல. இருந்தாலும் நான் சொல்லித்தான் ஆகணும். சறுக்குறதுக்கு முன்னாடி கழட்டி வெச்சிடுங்க, போதும்."

"கழட்டிட்டா அவளுக்குக் கேக்காதே. கூப்பிட்டா திரும்பமாட்டாளே."

அவர் அம்மாவின் தோளில் கை வைத்தார்.

பேட்டரி எப்போது தீர்ந்தது என்பதை நாங்கள் யாரும் அன்று யோசிக்கவில்லை. அது பூங்காவிலேயே தீர்ந்துவிட்டிருக்க வேண்டும். அம்மா கம்பியைப் பிடி என்று கத்தியபோது பாப்பாவுக்கு ஒரு சத்தமும் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் வாய் அசைந்தது, முகம் பயந்தது, கால் பின்னால் போனது. இதை நான் கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆயிற்று.

ஒன்றும் அழியவில்லை என்று தெரிந்த பிறகு அம்மாவின் பயம் குறையும் என்று அப்பா எதிர்பார்த்தார். அது அதிகமாயிற்று. சாட்டின் கவுன் யாருக்கோ போனது. வீட்டில் பலூன் கட்டக் கூடாது. நைலான் கயிறு பின்னிய நாற்காலி மாடிக்குப் போனது. பூங்காவுக்குப் போவதே நின்றது. பாப்பாவின் முடியை மரச்சீப்பால், தண்ணீர் தொட்டுத்தான் வாருவாள். பள்ளியில் பிறந்தநாள் கொண்டாட்டம் என்றால் பலூன் இருக்கும் என்று அன்றைக்கு லீவு போடச் சொல்வாள். அதனால் பாப்பாவுக்குத் தோழிகள் வீட்டு அழைப்புகள் குறைந்தன. அவள் அடம்பிடிக்கவில்லை. அதுதான் எனக்கு இப்போது கஷ்டமாக இருக்கிறது. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் எதற்குமே அடம்பிடிக்கவில்லை.

நன்றாகப் படித்தாள். தெளிவாகப் பேசினாள். அந்நியர்களுக்கு அவள் பேச்சில் வித்தியாசமே தெரியாது. ஆனால் யாரையும் அவளாகத் தொடமாட்டாள். தீபாவளிக்கு எண்ணெய் வைக்க அம்மா அருகில் வந்தால்கூட உடம்பை லேசாக இறுக்கிக்கொள்வாள். அம்மா அதைக் கவனித்தாள். "பெரிய பொண்ணாயிட்டா, கூச்சம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பழைய மிஷின் ஓய்ந்து, பத்தாம் வகுப்பில் புது மிஷின் வாங்கியபோது அதே கிளினிக்கில் ஒரு இளம்பெண் இருந்தாள். அம்மா வழக்கம் போலச் சறுக்குமரம், பலூன் என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "இப்ப வர்றதுல அந்தப் பயமே வேண்டாம் ஆன்ட்டி. அதுக்கு ஏத்த மாதிரிதான் செய்யறாங்க. குழந்தைங்கல்லாம் ஜாலியா சறுக்கறாங்க" என்றாள். பாப்பா தன் புது மிஷினின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படியிறங்கும்போது அம்மா நடுவில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"அப்ப அந்தப் பயமும் இல்லன்னு ஆயிடுச்சு," என்றாள் என்னிடம். "சறுக்கற வயசுதான் போயிடுச்சு."

படிப்பு முடித்ததும் பாப்பாவுக்குப் பெருங்குடியில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மயிலாப்பூரிலிருந்து தினமும் போய்வரக்கூடிய தூரம்தான். அவள் கொட்டிவாக்கத்தில் இரண்டு பெண்களோடு வீடெடுத்துப் போய்விட்டாள். பஸ்ஸில் நெரிசல் என்று காரணம் சொன்னாள். அம்மா தடுக்கவில்லை. குக்கர், மிக்சி, தலையணை என்று எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தாள். நான் ஏற்கெனவே கல்யாணமாகி சைதாப்பேட்டையில் இருந்தேன். வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும்.

சென்ற வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் கொட்டிவாக்கம் போயிருந்தேன். அவளும் நானும் கடற்கரைக்கு நடந்தோம். படகுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஏன் வீட்டுக்கு அதிகம் வருவதில்லை, அம்மா ஏங்குகிறாள் என்று கேட்டேன். அவள் மணலைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, அந்த மஞ்சள் சறுக்குமரம் உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அம்மா என்னப் பாத்துப் பின்னால போனாங்க. எனக்கு எதுவும் கேக்கல. எல்லாரும் சிரிக்கறாங்க, அம்மா மட்டும் பேயப் பாத்த மாதிரி பாக்கறாங்க. என்னப் பாத்து அம்மாவுக்குப் பயம், என்னத் தொடவே பிடிக்கலைன்னு நெனச்சேன். அப்புறம் தெனமும் வேலையிலேருந்து வந்து என்னத் தொடறதுக்கு முன்னாடி கை கழுவுவாங்க இல்ல? அதுவும் அதுக்குத்தான்னு நெனச்சேன்."

அது நிலைமின்சாரம், உன்னைத் தொட்டால் உன் மிஷினுக்கு ஆபத்து என்றுதான் அம்மா, என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியும்கா. ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்ல முதல் பாடமே அதுதான். ஒரே மாதிரி மின்னூட்டம் இருந்தா ஒண்ண ஒண்ணு தள்ளும். முடி ஏன் அப்படி நின்னுதுன்னு கிளாஸ்ல உக்காந்திருக்கும்போதே புரிஞ்சிடுச்சு. அம்மா ஏன் தொடலைங்கறதும் புரிஞ்சிடுச்சு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அம்மாகிட்டச் சொல்லணும்னுதான் ஓடி வந்தேன். அம்மா அப்பத்தான் கடையிலேருந்து வந்து காலை நீட்டி உக்காந்திருந்தாங்க. மூட்டு வலி. என்னடின்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நீ என்ன வெறுக்கலன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதுன்னா?"

கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். பிறகு அவளே சொன்னாள்.

"மூளைக்குத் தெரிஞ்சிடுச்சுக்கா. உடம்புக்குத் தெரியல. அம்மா கிட்ட வந்தா இன்னமும் உடம்பு தானா தள்ளி நிக்குது. அதப் பாத்தா அவங்க முகம் சுருங்கறது எனக்குத் தெரியுது. அதனாலதான் வர்றதில்ல."

இதை அம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். ரொம்ப யோசித்து, "உன் இஷ்டம்" என்றாள்.

ஒரு மாதம் வரை எனக்கு வாய் வரவில்லை. பிறகு ஒரு நாள் அம்மாவுக்கு முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி அப்போதே தீர்ந்திருக்கும், அவளுக்கு நீ கத்தியது கேட்டிருக்காது என்பதையும் சொன்னேன். அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. தைலம் காய்ந்த பிறகும் புடவையை இறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"கேக்கலையா அவளுக்கு," என்றாள். "நான் சொல்லிக்கினேதான இருந்தேன்."

அடுத்த ஞாயிறு, போகலாம் வா என்று அவளே புறப்பட்டாள். வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் டப்பாவில் எடுத்துக்கொண்டாள். பாப்பா கதவைத் திறந்தாள். கூட இருக்கும் பெண்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். சாப்பிட்டு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்த பிறகு அம்மா பேச்சை எடுத்தாள்.

"பாப்பா, அன்னிக்குப் பார்க்குல..."

"அம்மா, விடு. எனக்குத் தெரியும்."

"உன்னத் தூக்கணும்னுதான் ஓடி வந்தேன்."

"தெரியும்மா."

"தூக்கினா கேக்காமப் பூடும்னு நெனச்சேன். உனக்கு அப்பத்தான் அம்மான்னு சொல்ல வந்துது. அது போயிடும்னு."

பாப்பா தலையாட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. அம்மா கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டாள். பாப்பா விலகவில்லை. ஆனால் அவள் தோள் இறுகியதை நான் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மா கையை எடுத்துக்கொண்டாள். பாப்பா எழுந்து காபி போடப் போனாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றாள் அம்மா. அப்புறம் அலுவலகத்தைப் பற்றியும் அப்பாவின் ஆட்டோவுக்கு எஃப்சி எடுப்பது பற்றியும் பேசினோம். கிளம்பும்போது பாப்பா தெருமுனை வரை வந்தாள். அடுத்த மாதம் வருகிறேன் என்றாள். வந்தாள். அதற்கடுத்த மாதமும் வந்தாள். முன்பைவிட அதிகம் வருகிறாள் என்பது நிஜம். வந்தால் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறாள், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு.

அந்த முதல் ஞாயிறன்று கொட்டிவாக்கத்திலிருந்து திரும்பும்போது நானும் அம்மாவும் அடையாறில் இறங்கினோம். அங்கிருந்து எனக்கு சைதாப்பேட்டை பஸ், அவளுக்கு மந்தைவெளிப் பக்கம் போகும் பஸ். நிறுத்தத்தில் கூட்டம். அம்மா காலி டப்பா இருந்த பையை மாற்றி மாற்றிக் கையில் பிடித்தாள்.

"விடுன்னு சொன்னாளே," என்றாள். "விட்டுட்டான்னு அர்த்தமா?"

"விட்டிருப்பாம்மா."

"அவ படிச்சுத் தெரிஞ்சுகினு ஓடி வந்தாளாமே. அன்னிக்கு நான் இன்னொரு தடவ கேட்டிருக்கலாம். கால் வலியில அப்படியே உட்டுட்டேன்."

அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினாள். உட்கார இடம் இல்லை. நின்றுகொண்டே போனாள்.